அந்தக் கண்ணாடியை முதலில் யாருக்கு மாட்டுவது?

எங்கட பீடத்து விரிவுரை மண்டப யன்னலால் பார்த்தால் எதிரே ஒரு கட்டடம் எழும்புவது தெரியும். மூன்றாம் மாடி உயரத்தில், ஒற்றைப் பலகையில் பாட்டாச் செருப்போடு நின்று ஒரு மேசன் சுவர் பூசிக்கொண்டிருப்பார். தலையில் துணித்தொப்பி, அதுவும் வெயிலுக்கு. இடுப்பில் பெல்ற் இல்லை. ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் கேட்டோம். "பெல்ற் போட்டா வேலை ஓடாது தம்பி" எண்டு சிரித்தார்.

இந்தப் பிரச்சினைக்கு இப்போது பல நாடுகளில் மெய்நிகர் தொழில்நுட்பத்தை, அதாவது வீஆரை, கையில் எடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடும் கருவியொன்றை மாட்டியதும் நீங்கள் பத்தாம் மாடி விளிம்பில் நிற்பீர்கள். எந்தப் பலகை ஆடுகிறது, எந்தக் குழி மூடப்படவில்லை எண்டு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பிழை விட்டால் விழுவீர்கள், ஆனால் சாகமாட்டீர்கள். கண்காட்சி ஒன்றில் எங்களில் சிலர் இப்படியொன்றைப் போட்டுப் பார்த்தோம். நிற்பது சீமெந்துத் தரையில் எண்டு தெரிந்தும் கால் நடுங்கியது. இதை ஒரு மணித்தியாலப் பேச்சோ சுவரில் ஒட்டிய படமோ செய்யாது. அந்தளவில் நாங்கள் இதை வரவேற்கிறோம்.

ஆனால் ஏ.எல் முடித்துக் கொழும்பில் சைற் வேலைக்குப் போன எங்கட கூட்டாளி ஒருவன் சொன்ன கதை மனதில் நிற்கிறது. காலையில் நடந்த பாதுகாப்பு வகுப்பு முழுக்கச் சிங்களத்தில். விளங்காமலே தலையாட்டிவிட்டு, 'பயிற்சி பெற்றேன்' எண்ட தாளில் கையெழுத்து வைத்திருக்கிறான். நாளைக்கு ஏதும் நடந்தால் அந்தத் தாள் யாரைக் காப்பாற்றும்? அவனையல்ல. வீஆரும் அப்படியொரு தாளாக மாறலாம். "எல்லாம் காட்டிக் குடுத்தம், அவர்தான் கவனமில்லை" எண்டு சொல்ல இன்னும் வசதியாகிவிடும்.

வேலைத்தளப் பாதுகாப்பில் ஒரு படிவரிசை இருக்கிறது. முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த முறைக்கு மாற வேண்டும். அதுவும் முடியாவிட்டால் கைப்பிடி வேலி, வலை போன்ற தடுப்புகள். பயிற்சி அதற்கும் பிறகுதான். கெல்மெற்றும் பெல்ற்றும் கடைசி. எங்கட ஊர்களிலோ கடைசியில் இருந்துதான் பேச்சே தொடங்குகிறது. மேலே இருக்கிற படிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியவர் முதலாளி என்பதால்தானோ?

விழுவதை வீஆர் நன்றாகக் காட்டும். ஆனால் டைல்ஸ் வெட்டும்போது பறக்கிற சிலிக்காத் தூசு பல வருசத்துக்குப் பிறகு நுரையீரலைத் தின்பதையோ, சீமெந்து மூட்டை தூக்கித் தூக்கி நாரி முறிவதையோ ஒரு மணித்தியால விளையாட்டில் உணர முடியாது. தூசுக்கு வேண்டியது தண்ணீர் விட்டு வெட்டுகிற மெசினும் நல்ல மாஸ்க்கும்.

2018இல் கொழும்புத் தாமரைக் கோபுர வேலையில் விழுந்து இறந்தவர் கிளிநொச்சியில் இருந்து போன இளைஞர். எங்களைப் போல வயது. 350 மீற்றர் உயரம் எண்டு பெருமையாகப் படம் எடுக்கிற நாங்கள் அவரை எத்தனை பேர் நினைக்கிறோம்? இந்த நாட்டில் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் வந்தது 1942இல். தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவகத்துக்கான சட்டம் 2009இல். சட்டம் இல்லாமல் யாரும் விழவில்லை.

ஆகவே வீஆர் வரட்டும், தமிழிலும் வரட்டும். நாட்கூலிக்கு வாற கையாளுக்கும் பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கட்டும். சைற்றில் வேலியும் வலையும் இல்லாமல் பயிற்சிக் கையெழுத்து வாங்குவதை நிறுத்தட்டும். முக்கியமாக, அந்தக் கண்ணாடியை முதலில் கொந்தராத்துக்காரருக்கும், பொறியியலாளருக்கும், "கெதியா முடியுங்கோ" எண்டு அவசரப்படுத்துகிற வீட்டுக்காரருக்கும் மாட்டுவோம். பாட்டாச் செருப்போடு அந்த ஒற்றைப் பலகையில் ஐந்து நிமிசம் நிற்கட்டும்.

மேசன் அண்ணைக்கு உயரம் எண்டால் என்ன எண்டு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர் ஒவ்வொரு நாளும் அங்கேதான் நிற்கிறார்.