அடிக்கல் தோப்பூரில், அரிச்சுவடி இராமநாதபுரத்தில்!

மதுரைத் தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டிய நாள் 2019 ஜனவரி 27. மூன்றாண்டு கடந்து, 2022இல் முதல் 50 மாணவர்கள் வந்தனர். வகுப்பு எங்கே? நூறு கிலோமீட்டருக்கு அப்பால், இராமநாதபுரத்தில்! இடங்கொடுத்த அரசு மருத்துவக் கல்லூரியோ அதே ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட கைக்குழந்தை. அதன் இடுப்பில் இன்னொரு குழந்தையை ஏற்றிவிட்டது டில்லி!

உடற்கூறும் உடலியங்கியலும் இரவல் கூரையின்கீழும் படித்துவிடலாம், தோழர்களே! படிக்கும் பிள்ளைகள்மீது நமக்குக் குறையில்லை. ஆனால் மருத்துவம் நோயாளியின் படுக்கையருகே பயிலும் தொழிலன்றோ? பேராசிரியர் பின்னே வார்டு வார்டாக நடக்கத் தமக்கென ஒரு மருத்துவமனை வேண்டாமா? தோப்பூரில் கட்டடப் பணி தொடங்கவே 2024 ஆயிற்று. அதற்குள் முதல் அணிக்கு ஏறத்தாழ இரண்டாண்டுப் படிப்பு கழிந்துவிட்டது. அந்த இரண்டாண்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்றே கேட்கிறோம்.