ஆர்வம் கூலி ஆகாது

"இதுல மாசம் என்ன வருமுன்னு எங்கப்பா கேக்கறாருங்க மேடம்."

பல்கலைக்கழகக் கபடி அணியில் ஆடிய என் மாணவி, மூன்றாம் ஆண்டின் கடைசி வாரத்தில் வந்து கேட்டாள். "ஆர்வம் இருந்தா வழி தானாப் பொறக்கும்மா" என்றேன். என் ஆசிரிய வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான வாக்கியம் அது. இப்போது அவள் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். அந்த வேலையில் இழிவொன்றும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. இழிவு என் பதிலில் இருந்தது.

அந்த அப்பாவைப் பிற்போக்குவாதி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர் கேள்வி சரியானது. மகளிடம் கேட்டார், விளையாட்டை நடத்துகிறவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஊரே கொண்டாடியது, நானும்தான். அதே தெருவில் அதே திறமையோடு ஒரு பெண் பந்து வீசியிருந்தால்? அவளை எடுக்க நாட்டில் ஏலமே கிடையாது. பெண்களுக்கான முதல் ஏலம் 2023இல்தான் நடந்தது. ஆண்களுக்கு நடந்து 15 ஆண்டுகள் கழித்து.

அதே 2017இல் இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி பாங்காக் போனது. நம் வெயில் காட்டில் இந்த ஆட்டத்தின் பெயரே பலருக்குப் புதிது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். குளிர்காலத்தில் நீர் உறையும் இரண்டு மாதமே அவர்களுக்குப் பயிற்சிக் காலம். பயணத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. போய், பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று, தங்கள் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றார்கள். நாட்டுக்காக ஆடப் போகிறவள் கையில் உண்டியல்!

ஏழை நாடு, அதனால்தான் என்பீர்கள். பணக்கார நாடுகள் என்ன செய்தன? கனடாவில் 2007இல் தொடங்கிய பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக் பத்து ஆண்டுகள் ஊதியமே தரவில்லை. 2017இல் முதன்முறையாகத் தந்தது, ஒரு பருவம் முழுமைக்கும் 2,000 முதல் 10,000 டாலர். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போனவர்கள் அவர்களில் பலர். 2019இல் அந்த லீக்கும் இழுத்து மூடப்பட்டது.

அதன்பின் நடந்ததைத்தான் என் மாணவிக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மே மாதம் 200க்கும் மேற்பட்ட வீராங்கனைகள், ஒலிம்பிக் பதக்கக்காரிகள் மரி பிலிப் பூலானும் ஹிலரி நைட்டும் உட்பட, முறையான ஊதியம் இல்லாத எந்த வட அமெரிக்க லீகிலும் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். ஆட்டத்தின்மேல் ஆசை இல்லாமலா? அந்த ஆசையைக் காட்டித்தானே அத்தனை காலம் இலவசமாக உழைக்க வைத்தார்கள்! சங்கம் அமைத்து, ஒப்பந்தம் பேசி, 2024 ஜனவரியில் புதிய லீகில் இறங்கினார்கள். அப்போது குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 35,000 டாலர். ஆண்களின் சம்பளத்துக்குப் பக்கத்தில் இது சில்லறை. ஆனாலும் எழுதிக் கையெழுத்திட்ட சில்லறை.

"பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்?" என்பது தயாராக இருக்கும் அடுத்த அம்பு. அந்த ஏப்ரலில் மாண்ட்ரியலில் ஒரே ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். அரங்கத்தைத் திறந்தால்தானே ஆள் வரும்!

முட்டைக்குப் பேர்போன நாமக்கல் சீமையில், ஆடப் போகும் பெண்ணுக்குத் தினம் இரண்டு முட்டை தரக் கணக்குப் பார்க்கிறோம். அவள் வாங்கி வரும் கோப்பையை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்கிறோம். அவளுக்கு ஒரு பொன்னாடை, ஒரு புகைப்படம். வீட்டு வேலையை அன்பு என்று சொல்லிக் கூலி மறுத்த அதே தந்திரம்தான் மைதானத்தில் ஆர்வம் என்று பெயர் மாற்றிக்கொண்டு நிற்கிறது.

அடுத்த முறை உங்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினால், பிள்ளைகளே, வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கியில் கேளுங்கள்: "இதுல மாசம் என்ன வரும்?" தனியாகக் கேட்டால் திமிர் என்பார்கள். அணியாகச் சேர்ந்து கேளுங்கள்.