பெட்டியைத் திறந்து பாருங்கள்!



இன்று மின்சாரப் பெட்டி ஏதாவது ஒன்று இல்லாத வீடு அநேகமாக நம்மில் இல்லை. கூலி வேலை செய்கிறவர் சட்டைப் பையிலும் டெலிபோன் இருக்கிறது. பிள்ளைகள் கையில் விளையாட்டு யந்திரம் இருக்கிறது. ஆனால், அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டால் பட்டணத்துப் படிப்பாளியும் சரி, பட்டிக்காட்டு விவசாயியும் சரி, ஒரே பதிலைத்தான் சொல்லுகிறார்கள். "அதெல்லாம் நமக்கு விளங்குகிற சங்கதியா?" என்பதே அப்பதில். காசு கொடுத்து வாங்கியவன் நான், பழுதானால் குப்பையில் எறிகிறவனும் நான், ஆனால் திறந்து பார்க்க மாத்திரம் எனக்கு யோக்கியதை இல்லை என்று மனிதன் தானாகவே ஒப்புக்கொள்ளுகிறான். இதைவிட வேடிக்கை வேறு உண்டா?

நமது தங்கை மகனுக்கு வயது 14. சென்ற கோடை விடுமுறையில், கையில் பிடித்து ஆடும் விளையாட்டு யந்திரம் ஒன்று வேண்டும் என்று கேட்டான். அவன் தகப்பனாருக்கு அதற்கு வசதியில்லை. நாம் விளையாட்டாக, "வாங்குவானேன்? நீயே செய்து கொள்ளேன்" என்று சொல்லி வைத்தோம். பையன் அதை விளையாட்டாக எடுத்துக் கொள்ளவில்லை. மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போய், நோக்கியா 5110 என்னும் பழைய டெலிபோன் ஒன்றைக் கொண்டு வந்தான். பழுதான டி.வி.டி. பெட்டியின் முகப்பிலிருந்து ஆறு பொத்தான்களைப் பெயர்த்தான். ஓடாத கடிகாரத்திலிருந்து மணியடிக்கும் வில்லையை எடுத்தான். கை ரேடியோவிலிருந்து பாட்டரியை எடுத்தான். விலைக்கு வாங்கியவை, கணக்குப் போடும் சில்லு பதித்த அர்டுயினோ ரகத்துச் சிறு பலகை ஒன்றும், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பலகை ஒன்றும்தான். பெட்டி எது என்கிறீர்களோ? சோப்புப் பெட்டி!

எட்டு நாள் வரை திரையில் ஒன்றும் தெரியவில்லை. டெலிபோன் பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர், "இதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பையன் நம்மிடம் வந்து, "என் தலையில் இதெல்லாம் ஏறாது, மாமா" என்றான்.

தோழர்களே, அந்த ஒரு வார்த்தைக்காகவே இதை எழுதுகிறோம். பதினான்கு வயதுப் பிள்ளை தன் தலையைப் பற்றி அப்படி ஒரு தீர்ப்புச் சொல்லலாமா? அந்தத் தீர்ப்பை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? நாம்தானே!

ஒன்பதாம் நாள் இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தோம். ஒரு கம்பியில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்ததும் திரை முழுவதும் கறுப்பாயிற்று. அப்புறம் பார்த்தால், புள்ளிகள் எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டியிருந்தது. எண் குறைந்தால் திரை வெறுமை, கூடினால் எல்லாம் கறுப்பு. நடுவில் ஒரு எண்ணைக் கொடுத்தவுடன் படம் வந்துவிட்டது. எட்டு நாள் மர்மம் இவ்வளவுதான்!

சரி, அந்தத் திரைதான் என்ன? குறுக்கே 84 புள்ளிகள், நெடுக்கே 48 புள்ளிகள், ஆக 4032 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுத்திருக்கும், இல்லையேல் வெளுத்திருக்கும். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் முழுப் படத்திற்கும் 504 பைட்டுகள் போதும். சில்லின் ஞாபகத்தில் இடம் இருப்பதோ 2048 பைட்டுகள். பொத்தான் என்பது இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றை ஒன்று தொடுவது. சத்தம் என்பது மின்சாரத்தை ஒரு வினாடிக்குச் சில நூறு தடவை விட்டு விட்டுச் செலுத்துவது. இதில் எது நம் அறிவுக்கு எட்டாதது?

அந்த யந்திரத்தில் பையன் முதலில் ஓட விட்டது, 1997ல் நோக்கியா 6110 டெலிபோனில் வந்து உலகமெல்லாம் பரவியதே, அந்தப் பாம்பு விளையாட்டைத்தான். அதை எழுதும்போதுதான் அவன் ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தான். "மாமா, பாம்பு நகரவே இல்லை!" என்று கூவினான். உண்மைதான். தலைப் பக்கம் ஒரு புள்ளி புதிதாகக் கறுக்கிறது. வால் பக்கம் ஒரு புள்ளி வெளுக்கிறது. நடுவிலுள்ள புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இரை தின்றால் வாலை வெளுக்காமல் விட்டுவிட வேண்டியது, பாம்பு வளர்ந்துவிட்டது! நம் கண்தான் அதை ஊர்கிறது என்று நம்புகிறது. இந்த ஒரு ரகசியத்தைத் தானே கண்டுகொண்ட பிள்ளையை இனி யாராவது வேறு ஒன்றைக் காட்டி மிரட்ட முடியுமா?

நிற்க. இது பெரிய படிப்பும் பெரிய முதலும் உள்ளவர்களுக்கே ஆகும் என்பார்கள். அதுவும் பொய். ஜப்பானில் சீட்டுக்கட்டுச் செய்து வந்த நிண்டெண்டோ கம்பெனியில் 1965ல் யந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். பொழுதுபோக்காக அவர் செய்த நீளும் கைப் பொம்மையை முதலாளி பார்த்து 1966ல் விற்பனைக்கு விட்டார். அதே யோகோயின் கூட்டத்தார் 1989ல் செய்ததுதான் கேம் பாய். பழகிப்போன மலிவான சாமான்களைப் புது விதமாக உபயோகிப்பதே அவர் கொள்கை. மற்ற கம்பெனிகள் வர்ணத் திரை வைத்து ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்ன, அவர் நான்கு சாயல் மட்டுமே உள்ள திரையை வைத்து நான்கு பாட்டரியில் நெடுநேரம் ஓட விட்டார். அதுவும் அதன் வர்ணப் பதிப்புமாக 11 கோடிக்கு மேல் விற்றன.

அமெரிக்காவில் ஜெர்ரி லாசன் என்னும் கறுப்பர், வாலிபத்தில் டெலிவிஷன் பெட்டிகளைப் பழுது பார்த்தவர், பட்டம் வாங்கி முடிக்காதவர். ஆட்டங்களை மாற்றி மாற்றிச் சொருகும் முதல் வீட்டு விளையாட்டு யந்திரமான சேனல் எஃப் 1976ல் அவர் தலைமையில்தான் உண்டாயிற்று. இவர்களெல்லாம் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் என்பதைத் தவிர வேறு என்ன விசேஷம்?

"கடையில் இதைவிட நல்லது சொற்ப விலைக்குக் கிடைக்கிறதே, எதற்காக இந்த வீண் பிரயாசை?" என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். கிடைக்கிறது, நாம் மறுக்கவில்லை. பையன் செய்ததைவிட அது அழகாகவும் இருக்கும். ஆனால் கடைச் சாமான் கெட்டால் பிள்ளை அழுவான். தான் செய்தது கெட்டால் திருப்புளியை எடுப்பான். இந்த வித்தியாசத்திற்கு என்ன விலை போடுவீர்கள்?

"ஆபத்தாயிற்றே" என்பார்கள் வேறு சிலர். திறந்து பாருங்கள் என்கிறோமே ஒழிய, கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொல்லவில்லை. ஊதிப்போன பாட்டரியைத் தொடாதீர்கள். நல்ல பாட்டரியையும் குத்தாதீர்கள், அதன் இரு முனைகளையும் முட்ட விடாதீர்கள். சாதாரண லித்தியம் பாட்டரிக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். அதைக் கவனித்துக் கொள்ளத்தான் சார்ஜ் பலகை. பழைய குழாய் டெலிவிஷன் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் உயிரை வாங்கும் அழுத்தம் தங்கியிருக்கும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிந்தவனுக்கு வருவது ஜாக்கிரதை. அறியாதவனுக்கு வருவதுதான் பயம்.

கம்பெனிகளின் யோக்கியதையையும் பாருங்கள். சாதாரணத் திருப்புளி நுழையாதபடி மூன்று கால் திருகாணி போட்டு மூடுகிறார்கள். பாட்டரியைப் பசை வைத்து ஒட்டுகிறார்கள். பிறகு புதிது வாங்கு என்கிறார்கள். 2022ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சேர்ந்த மின்சாமான் குப்பை 6 கோடியே 20 லக்ஷம் டன் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுபடியும் உபயோகத்துக்குக் கொண்டு வந்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குதான். அந்தக் குப்பையில் எத்தனை திரைகள், எத்தனை பொத்தான்கள், எத்தனை பிள்ளைகளின் படிப்பு கிடக்கிறது!

ஆதலால் தோழர்களே, உங்கள் வீட்டில் ஓடாத டெலிபோனோ ரேடியோவோ கிடந்தால் அதை எடைக்குப் போடுமுன் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பையனை மாத்திரமல்ல, பெண்ணையும் கூப்பிடுங்கள். கையில் ஒரு திருப்புளியைக் கொடுங்கள். அருகில் உட்காருங்கள். தெரியாததைக் கேட்டால், "தெரியாது, வா பார்ப்போம்" என்று சொல்லுங்கள். "உனக்கு ஏறாது" என்று மாத்திரம் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

நம் தங்கை மகன் இப்போது அந்தச் சோப்புப் பெட்டியைத் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டான். அவள் அதில் பாம்பு ஆடவில்லை. முதல் வேலையாக மூடியைக் கழற்றிப் பார்த்துக் கொண்டிருக்கிறாள்.