பௌர்ணமித் தேதி காட்ட ஒரு நீட்சி எதற்கு?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அந்தப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கானவர்கள் அந்த ஊரைக் கடந்து நடக்கிறார்கள். கூட்டம் வரும் இடத்தில் விடுதி இருக்கும், விடுதி இருந்தால் இன்று அதற்கு ஓர் இணையதளமும் இருக்கும். வெளியூர்க்காரர் முதலில் பார்ப்பது அதைத்தானே!

அந்தப் பக்கத்துச் சின்ன விடுதி ஒன்றுக்குத் தளம் எப்படி உருவாகும் என்று பார்ப்போம். டவுனில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவனிடம் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பார்கள். அவன் வேர்ட்பிரஸை நிறுவுவான். உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் ஓடுகிறது, அதில் தவறில்லை. பிறகு நீட்சிகள், அதாவது பிளகின்கள். அறை முன்பதிவுக்கு ஒன்று, படங்கள் ஓட ஒன்று, வாட்ஸப் பொத்தானுக்கு ஒன்று, பௌர்ணமித் தேதி காட்ட ஒன்று, தங்க வருபவரின் ஆதார் நகலை வாங்கி வைக்க இன்னொன்று. எல்லாம் இலவசம். இரண்டு நாளில் தளம் தயார். பையன் அடுத்த மாதம் வேலை கிடைத்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவான்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவினால் கேமராவைத் தொடலாமா, தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்கும். வேர்ட்பிரஸ் நீட்சி எதையும் கேட்காது. வாட்ஸப் பொத்தானைக் காட்டும் நீட்சியும் முன்பதிவுப் பட்டியலைப் படிக்கலாம், தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கும் கோப்பைத் திறக்கலாம், புதிதாக ஒரு நிர்வாகியையே உருவாக்கலாம். நீட்சி என்பது சுவரில் மாட்டும் படம் அல்ல, வீட்டுச் சாவியோடு உள்ளே வந்து தங்கும் ஆள்.

"நம்ம சின்ன லாட்ஜை யார் ஹேக் பண்ணப் போறான்?" என்று கேட்பார்கள். அடி அண்ணாமலையைத் தேடி யாரும் வரப்போவதில்லைதான். ஆனால் தாக்குவது மனிதன் அல்லவே! ஓட்டை தெரிந்துவிட்டால் ஒரு நிரல் லட்சக்கணக்கான முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். திறக்கிற கதவு லாட்ஜா வங்கியா என்று அதற்குக் கவலையில்லை.

2020 செப்டம்பரில் அதுதான் நடந்தது. 'ஃபைல் மேனேஜர்' என்ற நீட்சி ஏறத்தாழ 7 லட்சம் தளங்களில் இருந்தது. வேறொருவர் எழுதிய கோப்புத் தொகுப்பு ஒன்று அதற்குள் இருந்தது. அதில் மாதிரிக்காக வைத்திருந்த ஒரு கோப்பை, பெயர் மாற்றி, இயங்கக்கூடிய நிலையில் விட்டிருந்தார்கள். கடவுச்சொல்லே இல்லாமல் எவரும் அதன் வழியாகத் தளத்துக்குள் எந்தக் கோப்பையும் ஏற்ற முடிந்தது. திருத்திய பதிப்பு செப்டம்பர் 1ஆம் தேதியே வந்துவிட்டது. புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள். நீட்சியை முடக்கி மட்டும் வைத்திருந்தவர்கள் தப்பவில்லை, ஏனென்றால் முடக்கினாலும் அந்தக் கோப்பு வழங்கியில் அப்படியேதான் கிடக்கிறது. வேண்டாம் என்றால் முழுவதுமாக அழிக்க வேண்டும்.

இது கவனக்குறைவு. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்று நல்ல பெயருள்ள ஒரு நீட்சி, 2 லட்சம் தளங்களில் இருந்தது. 2017இல் அதை எழுதியவர்கள் 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர், அடுத்தடுத்த பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றைச் சேர்த்து, மற்றவர்களின் தளங்களில் தன் விளம்பரப் பக்கங்களை நுழைத்தார். தளத்துக்குள் நுழைந்திருக்கும் உரிமையாளர் கண்ணுக்கு மட்டும் அந்தப் பக்கங்கள் தெரியாது! வேர்ட்பிரஸ் கிடங்கிலிருந்து பலமுறை நீக்கப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டது. கிடங்கிலிருந்து நீக்கினாலும், ஏற்கெனவே நிறுவிய தளங்களில் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

நம் தளத்துக்குள் நிறுவாமல், வெளியிலிருந்து இழுத்துக் காட்டும் நிரல்களும் இதே கதைதான். பார்வைக் குறைவுள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் 'பிரவுஸ்அலவுட்' நிரலை 2018 பிப்ரவரியில் யாரோ அதன் மூல வழங்கியிலேயே மாற்றிவிட்டார்கள். அதைப் பயன்படுத்திய 4,000க்கு மேற்பட்ட தளங்கள், பிரிட்டிஷ் அரசுத் தளங்கள் உட்பட, சில மணி நேரம் பார்வையாளர்களின் கணினிகளில் மொனேரோ நாணயம் தோண்டின. அதே காயின்ஹைவ் நிரல் அந்த ஆண்டு செப்டம்பரில் திருப்பதி மாநகராட்சித் தளத்திலும் இருந்ததை இந்திய இளைஞர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். அதுவும் கோயில் நகரம்தான். பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் கணினி மெதுவாக ஓடுகிறது, விசிறி சத்தம் போடுகிறது, அவ்வளவே.

அப்படியானால் புதுப்பிப்பதா, வேண்டாமா? ஃபைல் மேனேஜர் கதையில் புதுப்பித்தவர் பிழைத்தார், டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் கதையில் புதுப்பித்தவர் மாட்டிக்கொண்டார். இந்தக் குழப்பம் நியாயமானதே. ஆனால் விலைக்கு வாங்கிக் கெடுக்கப்படும் நீட்சிகள் அரிது. தெரிந்த ஓட்டையை மாதக்கணக்கில் அடைக்காமல் விடுவதுதான் அன்றாடம் நடப்பது. 2024 ஆகஸ்டில் 50 லட்சம் தளங்களில் இருந்த 'லைட்ஸ்பீட் கேஷ்' நீட்சியில்கூடப் பெரிய ஓட்டை வெளிப்பட்டு, திருத்தமும் உடனே வந்தது. நல்ல நிறுவனத்தின் நீட்சி என்றாலும் ஓட்டை வரும். 2020இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல், நீட்சிகள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பையன் ஊரைவிட்டுப் போன தளத்துக்கு அதைப் போட்டு வைப்பதே நல்லது. மற்ற ஆபத்துக்கு மருந்து எண்ணிக்கையைக் குறைப்பதுதான். இருபது நீட்சி இருந்தால் இருபது பேரை நம்புகிறோம். ஐந்து இருந்தால் ஐந்து பேர்.

ஆண்டுக்குப் பௌர்ணமி பன்னிரண்டு, மிஞ்சினால் பதின்மூன்று. பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யப் பத்து நிமிடம் ஆகுமா? வாட்ஸப் பொத்தான் என்பது ஒரு சாதாரண இணைப்பு, ஒரு வரி. இவற்றுக்கெல்லாம் முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை நிறுவுவது வசதி அல்ல, சோம்பல். காசு கொடுத்து வாங்க வேண்டிய வார்ப்புருக்களைத் திருட்டுப் பிரதியாகத் தரவிறக்கிப் போடுவது அதைவிடக் கொடுமை. பூட்டை உடைத்து இலவசமாகக் கொடுப்பவர் உள்ளே எதையாவது வைக்காமல் கொடுப்பார் என்று நம்ப என்ன காரணம்?

குற்றம் விடுதிக்காரர் மேல் மட்டும் இல்லை. ஒருமுறை பணம் வாங்கித் தளம் செய்து கொடுத்துவிட்டுப் போகும் வழக்கமே தவறு. தண்ணீர் மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் ஆண்டுப் பராமரிப்பு பேசுகிறவர்கள் தளத்துக்குப் பேசுவதில்லை. செய்து கொடுப்பவரும் என்னென்ன நீட்சி, எதற்காக என்று ஒரு தாளில்கூட எழுதித் தருவதில்லை. கேட்டால்தானே தருவார்!

ஆதார் நகல் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. படங்கள் ஓடாவிட்டால் நஷ்டமில்லை. கிரிவலம் வந்துபோன குடும்பத்தின் அடையாள அட்டை வெளியே போனால் அதைத் திரும்ப வாங்க முடியாது, அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் சின்ன விடுதி வரை எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. விடுதிக்கு வந்தபின் வரவேற்பு மேசையில் அட்டையைக் காட்டச் சொன்னால் போதும். அந்த நீட்சியையும், அது இதுவரை சேர்த்து வைத்த நகல்களையும் இன்றைக்கே அழித்துவிடலாம்.