மலை சைக்கிள் இருக்கு, காட்டுக்குத்தான் பூட்டு!

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பையனைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போன அப்பாக்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். பையன் நேராகப் போய் நிற்பது பட்டன் டயர் போட்டு, முன்னாடி ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளின் முன்னால்தான். கடைக்காரர் "எம்டிபி சார், மலையே ஏறும்" என்பார். அப்பாவும் பெருமூச்சு விட்டுவிட்டு பர்ஸைத் திறப்பார். சரி, அப்புறம் அந்த சைக்கிள் ஏறுகிற மலை எது? டியூஷன் சென்டர் வாசலில் இருக்கிற வேகத்தடை. மிஞ்சிப்போனால், குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு மூட மறந்த பள்ளம். அதோடு சரி.

வேறு ஊரில் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இது சைக்கிளால் பேர் வாங்கிய ஊர் மக்களே! முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனிக்கு வீடு அம்பத்தூர். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இங்கிருந்து ஊர் ஊராகப் போயின. அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கு சைக்கிள் மிதிப்பது லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், சிடிஎச் ரோட்டில்.

"சென்னைப் பக்கம் ஏதுப்பா மலை, காடு, ஆறு? ஊட்டிக்குப் போகச் சொல்லு" என்பவர்கள் கொஞ்சம் மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். அதே சிடிஎச் ரோட்டில் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் என்று போய், பூண்டிக்குத் திரும்பினால் அம்பத்தூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944ல் கட்டிய பூண்டி ஏரி அங்கே இருக்கிறது. அதைத் தாண்டினால் அல்லிக்குழிக் குன்றுகள், முள்ளும் புதருமாகக் காப்புக்காடு, அதற்குள் குடியம் குகைகள். இமயமலை இல்லைதான். ஆனால் மலை சைக்கிளுக்கு இமயமலை வேண்டும் என்று யார் சொன்னது? ஏற்ற இறக்கம், கல், மண், மர நிழல், வளைவு... இது போதும்.

அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. குடியம் போகிற வழியெல்லாம் காலில் இடறுவது வழுவழுப்பான கூழாங்கல். அந்தக் குன்றுகளே கூழாங்கல் இறுகி உண்டானவைதான். அந்தக் கல்லை உடைத்துக் கைக்கோடாரி செய்தவர்கள் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்திருக்கிறார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் அந்தக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே நடந்த அகழாய்வை வைத்து, அவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் வருடத்துக்கு முந்தியவை என்று 2011ல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தார்கள். உலகமே வந்து பார்க்க வேண்டிய பள்ளத்தாக்கு. ஆவடிப் பையனுக்கு இது பாடப் புத்தகத்தில் ஒரு வரி, மனப்பாடம் செய்தால் ஒரு மார்க்.

மேட்டருக்கு வருவோம். தமிழக அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. மொத்தம் 40 பாதைகள், ஆன்லைனில் பணம் கட்டி முன்பதிவு, கூடவே வழிகாட்டி. திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கிடைத்தது குடியம் குகைகள். நல்ல காரியம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 40 பாதையும் கால்நடையாகப் போகிறவர்களுக்கு. சைக்கிள் என்ற ஒரு ஜந்து உலகத்தில் இருப்பதாகவே அந்தப் பட்டியலுக்குத் தெரியவில்லை. அதே காட்டுக்குள், அதே வழிகாட்டியோடு, நடந்து போனால் சுற்றுலாப் பயணி. சைக்கிளோடு தன்னிச்சையாக நுழைந்தால் 1882ஆம் வருடத்து வனச் சட்டப்படி அத்துமீறல். என்ன லாஜிக் இது?

"சைக்கிள் டயர் காட்டைக் கெடுத்துவிடும்" என்பதுதான் முதல் பதிலாக வரும். அமெரிக்காவின் மொன்டானாவில் வில்சன், செனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் குதிரை, நடப்பவர், மோட்டார் பைக், சைக்கிள் நாலையும் மலைப்பாதையில் விட்டு, மண் எவ்வளவு பெயர்கிறது என்று அளந்து 1994ல் வெளியிட்டார்கள். அதிகமாக மண்ணைக் கிளப்பியது குதிரை. நடப்பவர்களும் சைக்கிளை விட அதிகம்தான்! அதற்காக சைக்கிள் மகாத்மா என்று அர்த்தமில்லை. ஈர மண்ணில் டயர் கோடு போட்டால் அடுத்த மழைக்கு அது வாய்க்கால் ஆகிவிடும். அதனால் மழை நாளில் மூடட்டும், கோடையில் காட்டுத்தீ காலத்திலும் மூடட்டும். குகை வாசலுக்கும், கல் கருவிகள் கிடைக்கிற இடங்களுக்கும் எந்த சைக்கிளும் போகவே கூடாது. டயர் நசுக்குவதை விட, இறங்கிப் பார்ப்பவர் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது பெரிய ஆபத்து. இதையெல்லாம் நிபந்தனையாகப் போடலாம். நிபந்தனை போட யோசிக்க வேண்டும், தடை போட யோசிக்க வேண்டாம்... அவ்வளவுதான் வித்தியாசம். இதே கொசஸ்தலையில் ராத்திரி ராத்திரியாக மணல் அள்ளிய லாரி டயர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்தக் கவலை யாருக்கும் வரக் காணோம்.

அடுத்தது இதை விட மோசமான வாதம். "இதெல்லாம் லட்ச ரூபாய் சைக்கிள் வைத்திருக்கும் ஐ.டி. பசங்க விளையாட்டு. ஏழைக்கு எதுக்கு?" கேட்க முற்போக்காக இருக்கும். ஆனால் இந்த விளையாட்டு பிறந்த கதை வேறு. கலிஃபோர்னியாவில் மவுண்ட் டமல்பையஸ் என்று ஒரு மலை (செல்லமாக 'டாம்', பேரிலேயே ஒரு தமிழ் வாடை!). அந்தப் பக்கத்து மண் ரோடு ஒன்றில் 1976ல் சில இளைஞர்கள் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஓட்டியவை 1930கள், 40களில் வந்த குண்டு டயர் சைக்கிள்கள். பேப்பர் போடும் பையன்கள் ஓட்டுகிற, எடை கூடிய இரும்பு வண்டி. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து, ஹப்பில் இருக்கும் கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்த ரோட்டுக்கு 'ரீபேக்' என்று பேர். அங்கிருந்துதான் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள் மலை சைக்கிளை உருவாக்கினார்கள். 1996ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வரை போய்விட்டது.

கனமான இரும்பு வண்டி, கியர் கிடையாது... எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? 2001ல் ஆரம்பித்து, பிறகு விரிவாக்கி, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச சைக்கிள்தான் அது! பூந்தமல்லியிலும் திருநின்றவூரிலும் வீட்டு வாசலில் துருப்பிடித்து நிற்கிறதே, அதே ஜாதி வண்டி. (பிரேக் கட்டையை மாற்றாமல் யாரும் இறக்கத்தில் விட்டுவிட வேண்டாம், புண்ணியமாகப் போகும்.) காசுள்ளவருக்குப் பாதை இல்லையென்றால் ஒன்றும் குடி முழுகாது, காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடுவார். பாதை வேண்டியது போக முடியாத பையனுக்கு.

சைக்கிள் கூட்டத்திடமும் குறை இருக்கிறது. விடியற்காலையில் காப்புக்காட்டுக்குள் நுழைந்து, போட்டோ எடுத்து, வழியையும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்பதை வீரம் என்று நினைக்கிற ஒரு கோஷ்டி உண்டு. வனத்துறை கதவைச் சாத்த இவர்கள்தான் முதல் காரணம் ஆவார்கள். கலிஃபோர்னியாவிலும் இதே கூத்து நடந்தது. வேகமாக வந்து நடப்பவர்களைப் பயமுறுத்தியதில் பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. 1988ல் அங்கே ஐந்து சைக்கிள் கிளப்புகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தன. அதன் ஆட்கள் மண்வெட்டியோடு போய்ப் பாதையைச் செப்பனிடும் வேலையிலும் இறங்கினார்கள். டமல்பையஸ் மலையில் இன்றும் சைக்கிளுக்கு வேக வரம்பு உண்டு: மணிக்கு 15 மைல், வளைவில் 5 மைல். இங்கே உள்ள கிளப்புகளில் எத்தனை பேர் மண்வெட்டி தூக்கத் தயார்?

வேல்ஸ் நாட்டில் கோயெட் எ பிரெனின் என்று ஆறு ஓடுகிற காடு ஒன்று. 1990களில் அங்கே மலை சைக்கிள் பாதை போட்டது அந்த நாட்டு வனத்துறையேதான். நம் வனத்துறை புதிதாக ஒரு மரம்கூட வெட்ட வேண்டாம். ஏற்கனவே இருக்கிற ஜீப் பாதையில் ஏழெட்டு கிலோமீட்டர், ஒரே திசையில், காலையில் மட்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து, குடியம், பூண்டிப் பக்கத்து இளைஞர்களையே வழிகாட்டியாக வைத்துத் திறந்து பார்க்கலாம். சொந்த சைக்கிளில் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஒரு வருடம் பார்த்துவிட்டு மண் கெட்டிருந்தால் மூடிவிடட்டும், யாரும் கேட்கப் போவதில்லை.

குரங்கணியை யாரும் மறக்கவில்லை. 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட யோசிப்பார், அந்தப் பயம் நியாயம்தான். ஒற்றையடிப் பாதையை விட்டுவிட்டு ஜீப் பாதையைக் கேட்பதற்கும் அதுதான் காரணம். யாராவது விழுந்து கையை உடைத்துக்கொண்டால் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி உள்ளே வர வேண்டுமே.