கண்ணாடிக் குளத்தில் அயிரை

சென்ற வாரம் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குப் போயிருந்தேன். கூடத்து மேஜையின் மீது ஒன்றரை அடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு சாண் நீளம் வளர்ந்த கரிய மீன் ஒன்று, திரும்பவும் இடமின்றிக் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு கிடந்தது.

"பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் கொடுத்தார். வாங்கும்போது சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. இனி இதை ஏரியில் விட்டுவிட வேண்டியதுதான்" என்றார் நண்பர்.

"விடாதீர்கள்!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் வீட்டுக் குழந்தைகள் ஓடி வந்துவிட்டார்கள்.

கூச்சலுக்குக் காரணம் உண்டு. 'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கும் இந்த மீனின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. ஓர் அடிக்கு மேலும் வளரும். உடம்பெல்லாம் கவசம் போன்ற எலும்புத் தகடுகள். நீர்நிலையில் விட்டால் கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகும். மீனவர் வலையில் சிக்கி வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டு நீர்நிலைகள் சிலவற்றில் இது ஏற்கனவே குடியேறிவிட்டது. ஒரு ஜீவனிடம் காட்டும் இரக்கம் ஓர் ஏரிக்கே எமனாக முடியலாம் அல்லவா?

"அப்படியானால் சின்னத் தொட்டிக்கு எந்த மீன் ஏற்றது?" என்று கேட்டார் நண்பரின் மனைவியார்.

"அயிரை" என்றேன்.

அம்மையார் சிரித்துவிட்டார். "அது குழம்புக்கு அல்லவா?" என்றார்.

மதுரைப் பக்கத்தாருக்கு அயிரை என்றாலே குழம்புதான் நினைவு வரும். ஆனால் உயிரோடு அதைப் பார்த்து ரசித்தவர் எத்தனை பேர்? விரல் நீள உடம்பு, பழுப்புப் புள்ளிகள், வாயைச் சுற்றி மெல்லிய மீசைகள், எவரோடும் சண்டைக்குப் போகாத சாதுவான சுபாவம். 1846-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி வாலென்சியென் இதை விவரித்தபோது 'தெர்மாலிஸ்' என்று பெயரிட்டார். திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுக்களில் கிடைத்ததால் வந்த பெயர் அது.

சாது என்பதற்காக எப்படி வேண்டுமானாலும் வைத்துவிடலாகாது. ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும் தொட்டியில் ஐந்தாறு அயிரைகளை விடலாம். ஒற்றையாய் விட்டால் அஞ்சி ஒளிந்தே கிடக்கும். அடியில் இரண்டு அங்குலம் மெல்லிய ஆற்று மணலைக் கழுவிப் பரப்ப வேண்டும். அயிரை மணலை வாயில் அள்ளிச் சலித்து உணவு தேடும். தலை மட்டும் தெரியப் புதைந்து இளைப்பாறும். கூரிய சரளைக்கல் அதன் மீசையைத் தேய்த்துவிடும். வேலம்பாசி முதலிய நீர்ச்செடிகள் நட்டு, சிறு பஞ்சு வடிகட்டி ஒன்றை ஓட விட வேண்டும். குழாய் ஜலத்தில் குளோரின் இருந்தால், ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தே ஊற்ற வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பொறுமை. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா கொடிய விஷம். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீனுக்குப் பதிலாகத் தினம் ஒரு துளி மீன் தீனியைப் போட்டுவர வேண்டும். பிறகு வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றினால் போதும்.

அயிரை பாசியைத் துடைக்காது. மிச்சம் விழும் தீனியையும் சிறு புழுக்களையும் தின்னும். விளக்கணைத்த பிறகு தீனியிட்டால் தைரியமாக வரும். சில சமயம் மேலே பாய்ந்து காற்றை விழுங்கும். குடலாலும் சுவாசிக்கும் வல்லமை அதற்கு உண்டு. ஆனால் எல்லா மீன்களும் அடிக்கடி மேலே வந்தால், நீர் கெட்டுவிட்டது என்று அறிக. கண்ணுக்குக் கீழே சிறு முள் இருப்பதால் வலையில் பிடிக்காமல் கிண்ணத்தில் ஏந்துவது நலம். தொட்டிக்கு மூடியும் அவசியம்.

அயிரையை விட்டு வராலைப் பிடிப்பது சாமர்த்தியம் என்று உலகம் சொல்லும். சிறிய தொட்டி வைத்திருப்பவருக்கோ பெரிய மீனை விட்டு அயிரையைப் பிடிப்பதே சாமர்த்தியம்.

நண்பர் கரிய மீனை ஏரிக்குக் கொண்டுபோகாமல், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அவர் வீட்டுத் தொட்டியில் மணலும் செடியும் நீருந்தான் இருக்கின்றன. "மாமா, மீனே இல்லாத தொட்டியில் இரண்டு வாரமாகத் தீனி போடுகிறோம்!" என்று அவருடைய சின்னப் பெண் என்னிடம் முறையிட்டாள்.

"இன்னும் நாலு வாரம், அம்மா" என்றேன். அவள் நாள்காட்டியை எடுத்து எண்ண ஆரம்பித்தாள்.