மேடையில் வேடம், வீதியில் வழக்கு: எங்கள் அரங்கில் திருநர் எங்கே?

தமிழ் நாடக வரலாற்றில் 'ஔவை' என்ற பட்டம் ஓர் ஆணுக்குரியது. டி. கே. சண்முகம் ஔவையார் வேடமிட்டு நடித்த நாடகத்துக்குக் கிடைத்த வரவேற்பினால், அந்த மூதாட்டியின் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. யாரும் அதை இழிவாகக் கருதவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடகக் கம்பனியில் சிறுவர்களே பெண்பாத்திரங்களை ஏற்றார்கள். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் யாழ்ப்பாணத்து இசை நாடகங்களிலும் சேலை கட்டிய ஆணைப் பார்த்தே எங்கள் பாட்டன் பாட்டிமார் கண்ணீர் விட்டார்கள்.

இதே நாட்டில், வீதியில் நடந்து செல்லும் ஒரு திருநங்கையைப் பிடிக்கும் பொலிஸ், தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவைத் துணைக்கு அழைப்பதுண்டு. ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதல் பற்றிய பிரிவு அது. அது போதாவிட்டால் 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மேடையில் வேடம் போட்டவருக்குக் கைதட்டல். வேடம் போடாமல் தானாக நடந்து போகிறவருக்கு 'வேடம் போட்டாய்' என்று குற்றச்சாட்டு. இலங்கையில் திருநர் பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

சட்டத்தின் இன்றைய நிலையை முதலில் பார்த்துவிடலாம். தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365அ ஆகிய பிரிவுகள் 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவையில் இருப்பவை. 1995இல் செய்த திருத்தம் அவற்றை நீக்கவில்லை; ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் விரித்தது. 2016இல் பால்நிலையை ஏற்கும் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. அதனைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தலாம் என்பது பெரிய முன்னேற்றம். பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது சட்டமாகியிருக்கவில்லை. ஆக, அடையாளத்துக்குச் சான்றிதழ் தரும் அரசே, அந்த அடையாளத்தோடு வாழ்வதைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது.

இதற்கும் நாடகத்துக்கும் என்ன தொடர்பு? நேரடியான தொடர்பே இருக்கிறது. 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்றின்படி, பொது மேடையில் ஏறும் நாடகத்தின் எழுத்துருவை முன்கூட்டியே அரச சபையொன்றிடம் கொடுத்து அனுமதி பெறவேண்டும். 365 உயிரோடிருக்கும் நாட்டில், இரு ஆண்களின் காதலை எழுதுகிறவர் அந்த மேசையை நினைத்துக்கொண்டே எழுதுவார். வெட்டுபவர் வெட்டுவதற்கு முன்னரே எழுதுபவர் வெட்டிவிடுவார்.

நான் பொரளையில் வசிப்பவள். நாமல், மாலினி வீரமுனி தம்பதியர் உருவாக்கிய புஞ்சி தியேட்டர் இங்கேதான் இருக்கிறது. லயனல் வென்ட் அரங்கும் தூரமில்லை. நாடகம் பார்க்க இவ்வளவு வசதியான இடத்தில் இருந்தும், ஒரு தமிழ்த் திருநங்கை தமிழில் எழுதி, தானே நடித்த முழுநீள நாடகம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தவை பெரும்பாலும் விழிப்புணர்வு நாடகங்கள். அவற்றில் திருநங்கை வருவார், அடி வாங்குவார், அழுவார். இறுதியில் ஒருவர் வந்து அறிவுரை சொல்வார். அவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவை பார்வையாளரின் இரக்கத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் வருபவருக்குப் பகிடி விடத் தெரியாது, பொறாமை கிடையாது, வாடகைப் பிரச்சினைகூடக் கிடையாது.

பொரளை என்றவுடன் தமிழருக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1983 ஜூலை 24இல் கனத்தை மயானத்தில் தொடங்கியதே அந்தக் கலவரம். ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' (1994) நாவல் முடிவதும் அந்த ஜூலையில்தான். சேலை கட்டி மணப்பெண் விளையாட்டு விளையாடும் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவன், வளர்ந்து தன் காதலை அறிந்துகொள்ளும் வேளையில் வீட்டையும் ஊரையும் இழக்கிறான். தமிழனாக இருப்பதன் ஆபத்தையும் தன்பால் விருப்பமுள்ளவனாக இருப்பதன் ஆபத்தையும் ஒரே உடலில் வைத்துக் காட்டிய கதை அது. 2020இல் தீபா மேத்தா அதைப் படமாக்கியபோது, முக்கியமான தமிழ்ப் பாத்திரங்களில் தமிழரல்லாதோர் நடித்ததற்கும், வசனத்தில் தமிழ் சிதைந்ததற்கும் கனடாவிலும் பிற நாடுகளிலும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கேள்வி தொங்கி நிற்கிறது: எங்கள் கதையை மற்றவர்கள் பிழையான தமிழில் சொன்னார்கள் என்றால், சரியான தமிழில் சொல்வதற்கு நாங்கள் எத்தனை மேடைகளைத் திறந்துவிட்டோம்?

இந்தக் கேள்வியை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் நீண்டகாலமாக எதிர்கொண்டு வருகிறார்கள். மைக்கல் ஆர். ஜாக்சன் எழுதிய 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்' இசை நாடகத்தின் நாயகன், தன்பால் விருப்பமுள்ள கறுப்பின இளைஞன். பிரோட்வே அரங்கில் வாசல் காத்துக்கொண்டு தன்னைப் பற்றியே ஒரு நாடகம் எழுத முயல்கிறான். வெள்ளையர் அரங்கு அவனை ஒரு வகையில் நெருக்குகிறது. பக்தி மணக்கும் குடும்ப நாடகம் எழுதச் சொல்லும் சொந்த வீடு இன்னொரு வகையில் நெருக்குகிறது. அந்த நாடகம் 2020இல் புலிட்சர் பரிசையும் 2022இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதையும் பெற்றது. அதில் நடித்த எல் மோர்கன் லீ, தம்மைத் திருநர் என்று வெளிப்படையாக அறிவித்த நடிகர்களுள் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதலாமவர். கொழும்புத் தமிழருக்கு இந்த இரட்டை நெருக்கடி புதிதல்ல. ஆங்கில மேடை எங்கள் மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறது. தமிழ் மேடை எங்கள் உடலைக் கழற்றி வைக்கச் சொல்கிறது.

தமிழில் இது முடியாத காரியமல்ல. சென்னையில் 'கண்ணாடி கலைக்குழு' திருநங்கையரோடு சேர்ந்து அ. மங்கையின் நெறியாள்கையில் நாடகங்களை மேடையேற்றியது. 'உணர்வும் உருவமும்' நூலைத் தொகுத்த ஏ. ரேவதி, தன் வாழ்க்கையை 'வெள்ளை மொழி' என்ற தனிநபர் அரங்காக்கி, தானே நடித்தார். 'நான், வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யாவும் நண்பர்களும் 'பன்மை' நாடகக் குழுவை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த டீலோ, அம்மா அப்பாவின் பேச்சையும் நடையையும் மேடையில் நடித்துக்காட்டி, தன் மாற்றத்தின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். இவர்களுடைய கதைகளில் துயரம் உண்டு. ஆனால் அதை எப்போது சொல்வது, எப்போது சிரிப்பது என்று தீர்மானிப்பவர்கள் அவர்களே.

'நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவதுதானே, திருநங்கை பாத்திரத்தில் ஏன் ஓர் ஆண் நடிக்கக்கூடாது?' என்று கேட்பார்கள். கோட்பாட்டளவில் சரி. ஆனால் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது; 'பேரன்பு' படத்தில் நடித்த திருநங்கை அஞ்சலி அமீரைப்போல் வாய்ப்புப் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு கதவு இரு பக்கமும் திறக்கும்போதுதான் அந்தக் கோட்பாட்டைப் பேசலாம். திருநங்கைக்குத் தாயாகவோ ஆசிரியையாகவோ நடிக்க வாய்ப்பில்லை. திருநங்கையாகவும் வாய்ப்பில்லை என்றால், அது கலைச் சுதந்திரமல்ல, வேலை மறுப்பு.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் பல உள்ளன. அரச நாடக விழாவுக்குத் தமிழ் நாடகங்களைத் தயாரிப்பவர்கள் நடிகர் தேர்வு அறிவித்தலில் திருநரையும் அழைக்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அரங்கியல் கற்பிக்கும் துறைகள், பெண்வேட மரபைப் பாடமாக்கும்போது, அந்த மரபு யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கலாம். திருநரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு நாடகம் செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்கள், 'தகவல் தந்தவர்' என்று நன்றி கூறுவதோடு நிற்காமல், எழுத்தாளர் என்று பெயர் போட்டு அதற்குரிய பணத்தையும் கொடுக்கலாம்.

அப்படி வரும் முதல் நாடகம் மிகச் சிறந்ததாக இருக்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது சுமாராக இருக்கலாம். அதில் வரும் திருநங்கை நல்லவராக இல்லாமல், கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவராகவும் இருக்கலாம். பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் 'பாவம்' என்று சொல்லாமல், 'இரண்டாம் காட்சி இழுவை' என்று சண்டை பிடிக்கட்டும். அந்தச் சண்டைக்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்க நான் தயார்.